இறக்கி வைத்த சுருதி

தும், தும், தும் என்று கஜபதி கிக் டிரம்மை மிதித்துக்கொண்டே இருக்கிறான், மைதானத்தின் அந்தக் கோடியில் மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிற மணிவேல் போதும் என்று இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலே இருந்தால்கூட நல்லதுதான், ஏனென்றால் சவுண்ட் செக் என்றால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, முதலில் கிக், பிறகு ஸ்னேர், டாம், சிம்பல், அப்புறம் ஹபீபின் கிட்டார், அப்புறம் என் கீபோர்டு, எல்லாம் முடிந்து கடைசியில்தான் பாடுகிறவனின் மைக், அந்தக் கடைசி வருவதற்குள் நான் டெரன்ஸிடம் சொல்லியாக வேண்டும். என்ன சொல்ல. உன் குரல் திரும்பி வரவில்லை டெரன்ஸ், நாங்கள்தான் மூன்று வருஷமாக உனக்குத் தெரியாமல் சுருதியை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வந்து இறங்கியதும் விருந்தினர் அறையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன், நுரையோடு சொன்னபோது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னபோது பாதியில் நின்றுவிட்டது. தும், தும். மணி மூன்றேகால். ஐந்து மணிக்கு, நிகழ்ச்சிகள் நடத்துகிற மதுவந்தி சென்னையிலிருந்து காரில் வந்துவிடுவாள், கையில் ஒப்பந்தக் காகிதம் இருக்கும், டெரன்ஸ் கையெழுத்துப் போடுவான், அடுத்த மாதம் பெரிய அரங்கத்தில் அவன் மட்டும் தனியாக, பின்னால் இருபது இருபத்திரண்டு வயசுப் பையன்கள் வாசிக்க, நாங்கள் மூவரும் இல்லாமல். அந்தப் பையன்கள் கேசட்டில் இருக்கிறபடியே வாசிப்பார்கள். மூன்று கட்டைச் சுருதியில். அங்கே அவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும், அந்த மூன்று பேரும் இப்போது இந்த மேடையில்தான் இருக்கிறோம். அவனோ மேடைக்குக் கீழே வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து ஒரு மூக்கை அடைத்து இன்னொரு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஸ்னேர் குடுங்க சார்" என்கிறது ஸ்பீக்கரில் மணிவேலின் குரல். பட், பட், பட். கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது. வேலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரி இது, எண்பத்தாறில் படித்து முடித்தவர்கள் ஒன்றுகூடுகிற நாள், அவர்கள் கலைவிழாவுக்கு அன்றைக்கு வாசித்த அதே பேண்டு வேண்டும் என்று தேடிப் பிடித்து எங்களை அழைத்திருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் என்று பெயர் வைத்தவன் டெரன்ஸ்தான், அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்காமலே நிற்கும், நம்ம வாழ்க்கை மாதிரி என்றான், அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயசு, வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஐந்து பேராக இருந்தோம், பேஸ் கிட்டார் வாசித்த இக்னேஷியஸ் மகளோடு இருக்க மெல்போர்ன் போனபிறகு அவன் வேலையையும் என் இடது கை செய்கிறது. எங்களுக்கென்று ஊர் அறிந்த பாட்டு ஒன்றே ஒன்று, 'பதினோராவது பிளாட்பாரம்', அதன் முடிவில் அவன் 'வா' என்று ஒரே ஒரு எழுத்தை உச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே நிறுத்துவான், கல்யாண மண்டபமோ காலேஜோ, அந்த இடத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் அந்த 'வா' உடைந்தது. உடைந்தது என்றால், மண்சட்டி மாதிரி. முன் வரிசையில் ஒருவன் அதேபோல் கீச்சென்று கத்திக் காட்டினான், நாலு பேர் சிரித்தார்கள், நாலே பேர், ஆனால் டெரன்ஸுக்கு அந்த நாலு பேர்தான் மண்டபம். அன்றைக்கு அவன் காரை விட்டு இறங்கவில்லை. வீட்டு வாசலில் கார் நிற்கிறது, இவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், அவன் மனைவி ஃபிலோமினா எனக்குப் போன் செய்தாள், "நந்துண்ணே, ரெண்டு மணி நேரமா ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கினு உக்காந்திருக்காரு, பேச மாட்டேங்கறாரு, ஏதாச்சும் பண்ணுங்கண்ணே" என்றாள். ஏதாச்சும் பண்ணினேன். அதுதான் நான் செய்தது.

கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் விரல் போகிற இடம் மாறாது, பார்க்கிறவனுக்கு அதே பாட்டு அதே கட்டை, சத்தம் மட்டும் அரைக் கட்டை கீழே வரும். ஹபீபிடம் சொன்னேன், அவன் கிட்டாரின் ஆறு கம்பியையும் ஒரு சுற்றுத் தளர்த்தினான். அடுத்த நிகழ்ச்சியில், திருவள்ளூரில், 'வா' வந்தது. பாட்டு முடிந்ததும் டெரன்ஸ் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வந்துட்சிடா நந்து, வந்துட்சி!" என்றான், அவன் வேர்வை என் கன்னத்தில் ஒட்டியது, அந்த ஈரத்தை இப்போதும் தொட்டுப் பார்க்க முடியும் போலிருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், அரைக் கட்டைதானே, யார்தான் இறக்கவில்லை. ஆனால் அவன் முகம். எட்டு மாதம் கழித்து மறுபடி ஆட ஆரம்பித்தது குரல், மறுபடி அரைக் கட்டை. போன வருஷம் இன்னும் ஒரு அரை. மூன்றில் இருந்த சுருதி ஒன்றரையில் வந்து நிற்கிறது, ஹபீப் தொளதொளவென்று ஆடுகிற கம்பிகளுக்குப் பதில் தடிமனான கம்பி வாங்கிப் போட்டுக்கொண்டான், டெரன்ஸ் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் இளைஞனானான். அவன் கையில் வாத்தியம் கிடையாது, பழைய கேசட்டைக் கேட்கிற வழக்கமும் இல்லை, கேசட்ல இருக்கற அந்தப் பையனோட எனக்கு ஆகாது என்பான். எல்லாம் மூச்சுப் பயிற்சியால் வந்தது என்று நம்பினான். தயிரை விட்டான், ஐஸ் தண்ணீரை விட்டான், பார்க்கிறவர்களையெல்லாம் மூக்கைப் பிடிக்கச் சொன்னான். கஜபதி ஒருநாள், "மச்சான், ஒனக்கு மூக்குல இருந்தா பாட்டு வருது?" என்று கேட்டான், "ஒனக்கு மூளைல இருந்தா அடி வருது?" என்றான் டெரன்ஸ். நான்கூடச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே சற்று உரக்கக் கேட்டது.

டாம் ஆகிவிட்டது, சிம்பல் ஆகிக்கொண்டிருக்கிறது, வரிசை வேகமாகப் போகிறது, மணிவேல் கெட்டிக்காரன், கெட்டிக்காரர்களால்தான் தொல்லை. காலையில் வேனில் வரும்போதே சொல்லியிருக்க வேண்டும். பூந்தமல்லி தாண்டியதும் ஹபீப்தான் ஆரம்பித்தான், "போதும்டா, மரியாதையா நிறுத்திக்கலாம். அறுபத்தஞ்சு வயசுல கறுப்பு டீஷர்ட்டைப் போட்டுக்கிட்டு குதிச்சா பேரன் சிரிக்கிறான்." "நீ எப்படா குதிச்ச? நாப்பது வருசமா கரண்டுக் கம்பம் மாதிரி நிக்கிற" என்றான் கஜபதி. "எனக்கு டிரம்ஸு மேலயே உசுரு போனாப் போதும்ப்பா, கூப்பிடற வரைக்கும் போவோம்." "போறதுன்னா சிம்பல் மேல விழு, சத்தமாச்சும் வரும்" என்றான் ஹபீப். எல்லோரும் சிரித்தோம், அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே டெரன்ஸ் சொன்னான், "நான் தனியாப் போறேன்டா." சொல்லிவிட்டு ஏசியைக் குறைத்தான். "கோச்சுக்காதீங்க. குரல் இப்படி வந்து உக்காந்திருக்கும்போது வீணாக்கக் கூடாது. இன்னும் அஞ்சு வருசம் இருக்குமா? அதுக்குள்ள ஒரு தடவ ஒழுங்கா, பெரிசா பாடிட்டுப் போயிடறேன்." யாருக்கும் கோபம் வரவில்லை, கோபம் வந்திருந்தால் பேசியிருக்கலாம், ஹபீப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை, கஜபதி தன் முழங்காலில் விரலால் தாளம் போட்டான், எனக்கோ, எங்களை விட்டுப் போக அவனுக்குத் தைரியம் கொடுத்ததே என் ஆள்காட்டி விரல்தான் என்று அப்போது தெரிந்தது. குரல் போய்விட்டது என்று அவன் நம்பியிருந்தால் எங்களோடு இருந்திருப்பான். நாங்கள் திருட்டுத்தனமாகக் கொடுத்த குரலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

"கிட்டார் சார்." ஹபீப் ஒரு கம்பியைத் தட்டுகிறான், அந்தத் தடித்த கம்பி எருமை கனைக்கிற மாதிரி மேடையில் உருளுகிறது. அடுத்தது நான். இங்கேதான் எனக்கு மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தரமும் இதே இடத்தில். டெரன்ஸ் தனியாகப் போகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். சாகும்வரை இறக்கிக்கொண்டே போயிருப்பேன், ஒரு கட்டை, அரைக் கட்டை, அதற்கும் கீழே, அவன் மிருகம் மாதிரி உறுமுகிற வரைக்கும், வந்துட்சிடா நந்து என்று அவன் கட்டிக்கொள்ள, நானும் ஆமாம் ஆமாம் என்று முதுகைத் தட்டிக்கொண்டு. அப்படியானால் இப்போது சொல்லப் போவது அவன் அவமானப்படக் கூடாது என்பதற்காகவா, அல்லது அவன் போகக் கூடாது என்பதற்காகவா? இரண்டும் ஒரே வாக்கியமாக வந்து நிற்கிறதே, எதைப் பிரித்து எதை எடுப்பது. அவன் போனால் எனக்கு என்ன இருக்கிறது, கொளத்தூர் ஃபிளாட்டில் மூன்றாவது மாடி, மத்தியானம் மகனின் நாயோடு நான், மாலையில் அதை இறக்கிக் கூட்டிப்போக வேண்டியது, இடது கைச் சுண்டுவிரல் இப்போதே காலையில் மரத்துப்போகிறது. சொல்லாமல் விட்டால் என்ன? பையன்களோடு ஒத்திகையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். இல்லை, தெரியாது, அதுதான் பயம், இன்னிக்குத் தொண்டை சரியில்லை என்பான், இஞ்சி கடிப்பான், மேடையில் வந்துவிடும் என்பான், அரங்கம் நிறைய ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா. இந்தத் தடவை நாலு பேர் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை மணி நேரம் உட்காருவான்.

அவன் மேடை ஏறி வருகிறான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, ஆனால் மேலே வந்ததும் தோளை விரித்துக்கொள்கிறான், என் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்காருகிறான், தொண்டைக்காக மென்ற மிளகின் வாசனை. "நந்து, ஒரு காமெடி கேளு. மதுவந்தியோட பசங்கள்ல கீபோர்டுக்காரன் நேத்து போன் பண்ணான். ரொம்ப மரியாதையா, அங்கிள், சௌகரியமா இருக்கும்னா கொஞ்சம் சுருதி இறக்கிக்கலாமா, நாங்க எதுலன்னாலும் வாசிப்போம்ங்கறான்." "நீ என்ன சொன்ன?" என்றேன். "சிரிச்சிட்டேன். தம்பி, மூணு கட்டை, நாப்பது வருசமா அதே மூணு கட்டை, முடிஞ்சா வாசி, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கோன்னுட்டேன். பாவம், சாரி அங்கிள் சாரி அங்கிள்னு ஆயிட்டான்." சிரித்தான், பல் கட்டியது தெரியாத மாதிரி உதட்டை மூடிச் சிரிக்கிற சிரிப்பு. நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, முகமே தெரியாத ஒரு பையன் ஒரு போனில் கேட்டிருக்கிறான். நேராக. சௌகரியமா இருக்கும்னா. நான் கொடுத்த பொய்யை வைத்துக்கொண்டு இவன் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். "கீஸ் குடுங்க நந்து சார்" என்கிறது ஸ்பீக்கர். கொடுத்தேன். என்ன வாசித்தேன் என்று தெரியாது, இரண்டு கையும் தானாகப் போயின, மணிவேல் "சூப்பர் சார், லெஃப்ட் ஹேண்ட் கொஞ்சம் தூக்குறேன்" என்றான், பிறகு, "வோக்கல் ரெடியா சார்?" டெரன்ஸ் எழுந்தான். அவன் ஒன் டூ த்ரீ சொல்லிப் பார்க்கிறவன் இல்லை, எந்த மேடையிலும் அவனுக்கு மைக் செக் என்றால் அந்தக் கடைசி 'வா'தான், நான் சுருதியைப் பிடிக்க வேண்டும், அவன் நேராக உச்சத்துக்குப் போவான். இரண்டு எட்டு வைத்திருப்பான். "டெரன்ஸ்." "ம்?" "இங்க வா. ஒரு நிமிஷம்." கீபோர்டின் சின்னத் திரையின் மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன், வெயில் பட்டுக் கண் கூசுது என்று சொல்லி வைத்திருந்தேன், நகத்தால் சுரண்டினேன், பசை இழுத்தது, அவசரத்தில் பாதி கிழிந்து பாதி நின்றது, எண் தெரிந்தது. மைனஸ் மூன்று, அதாவது மூன்று அரைக் கட்டை கீழே. "இன்னாது இது?" "நீ பாடற எடம்" என்றேன். அந்த ஒரு மூச்சு வாக்கியம் வரவே இல்லை. "மூணு இல்ல டெரன்ஸ். ஒன்றரை. ராயபுரத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நான்தான் இறக்கினேன்."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை, பிறகு ஹபீபை, பிறகு கஜபதியை. ஹபீப் கிட்டாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு கால் பக்கம் பார்த்தான். கஜபதி குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "நல்லதுக்குத்தான்டா" என்று என்னவோ ஆரம்பித்தான், யாரும் கேட்காததால் நிறுத்தினான். திட்டுவான் என்று நினைத்தேன், அறைவான் என்றுகூட, அறைந்திருந்தால் தேவலை. "சார், வோக்கல்?" என்றது ஸ்பீக்கர். டெரன்ஸ் மைக்குக்குப் போனான், முதுகு என் பக்கம். "நந்து. மூணு கட்டைல குடு." பொத்தானை மூன்று தரம் தட்டினேன், எண் பூஜ்யத்துக்கு வந்தது, பிடித்தேன். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தை இந்த மேடையில் கேட்டு, எனக்கே தலைக்கு மேல் எங்கோ பறக்கிற மாதிரி இருந்தது, அவன் மூச்சை இழுத்தான், அத்தனை காலைகளில் அந்த மூக்கால் சேர்த்து வைத்த மூச்சையெல்லாம் இழுத்தான். வா. பாதியில் கிழிந்து காற்றாகப் போனது. "சார் சார், மைக்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன், கேபிள் மாத்திடறேன் ஒரு நிமிஷம்" என்றான் மணிவேல். "கேபிள் இல்ல மணிவேல்" என்றான் டெரன்ஸ், மைக்கிலேயே, மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "நான்தான்."

பிறகு அவன் திரும்பாமலே, "இறக்கு" என்றான். இரண்டரை. உடைந்தது. இரண்டு. ஆடிக்கொண்டு நின்றது, பிறகு விழுந்தது. ஒன்றரை. வந்தது, மூன்று வருஷமாகக் கைதட்டல் வாங்குகிற அதே 'வா', நான் மூச்சு விட்டேன், ஹபீப்கூட நிமிர்ந்தான். ஆனால் டெரன்ஸ் தலையை ஆட்டினான், கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது. "இன்னும்." "டெரன்ஸ், இதுலதான் நேத்து வரைக்கும்..." "தெரியுது. இன்னும் இறக்கு." ஒரு கட்டை. அவ்வளவு கீழே வைக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை, கண்டுபிடித்துவிடுவான் என்று பயம். அவன் வாயைத் திறந்தான். நரம்பு புடைக்கவில்லை, கண்ணை மூடவில்லை, வந்தது கேசட்டில் இருக்கிற பையனின் குரல் இல்லை, நான் இதுவரை கேட்டே இராத ஒரு வயசான ஆளின் குரல், அகலமாக, கரகரவென்று, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிற மாதிரி நின்றது. மிக்ஸருக்குப் பின்னால் மணிவேல் கையை எடுத்துவிட்டு நின்றான். ஒன்றரையிலும் நான் அவனைக் கத்தத்தான் வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார் என்று ஃபிலோ சொன்னதை, பயிற்சியில் ஒரு பகுதியாக்கும் என்று நினைத்திருக்கிறேன். கீழே யாரோ கை தட்டினார்கள். மதுவந்தி, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள், தோளில் பை, கையில் காகித உறை. டெரன்ஸ் மேடை விளிம்புக்குப் போனான், முடியாதும்மா என்று சொல்லப் போகிறான், சொல்லிவிட்டான் என்றே என் காதில் விழுந்துவிட்டது, சந்தோஷம் மாதிரி ஒன்று எழும்பியது, அதை நான் அழுத்திக்கொண்டேன், அழுத்தியதும் அதன் அசிங்கம் தெரிந்தது. "மதுவந்தி, ஒன் பசங்களுக்குப் போன் போடும்மா. மூணு கட்டைன்னு சொன்னேன்ல, அது இல்ல. ஒரு கட்டை. அந்தக் கீபோர்டுத் தம்பிகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லு." "அவ்வளவுதானே சார், சொல்லிடறேன்" என்று அவள் பேனாவை நீட்டினாள். குனிந்து, மானிட்டர் ஸ்பீக்கர் மேல் காகிதத்தை வைத்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். மைக்குக்குத் திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. "ஹபீப், கம்பிய இறக்கு. ஒரு கட்டை. எவ்ளோ நேரம் ஆவும்?" "அஞ்சு நிமிஷம்" என்றான் ஹபீப். அவன் காதை வைத்துச் சேர்த்துக்கொள்வதற்காக நான் சுருதியை அழுத்திப் பிடித்தேன், கிட்டார்க் கம்பி ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே கீழே இறங்கியது, ஆறு கம்பியும் சேர்ந்துவிட்டதா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை, சேர்ந்திருக்கும், ஹபீப் எப்போதோ தலையை ஆட்டிவிட்டான். விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும், சத்தம் நின்றால் டெரன்ஸ் திரும்பிப் பார்ப்பான். நான் இன்னும் எடுக்கவில்லை.